ஒன்பதாவது கேள்வி

"நட்சத்திரத்தைப் பகல்ல காட்ட முடியாதா டீச்சர்?" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அப்பா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர், கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, முகத்தில் அவ்வளவு கவலை. சூரியனும் ஒரு நட்சத்திரம்தான், அதைத் தினமும் பகலில்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம், மிச்சத்துக்குத்தான் இரவு வேண்டியிருக்கிறது என்றேன். கூடமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் கையிலிருந்த காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டார்.

நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை அந்த வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கரையில் இருக்கும் அறிவியல் முகாமுக்கு ஓர் இரவு தங்க அனுப்புகிறோம். பேருந்தில் இரண்டு மணி நேரம். பகலில் ஏரித் தண்ணீரை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சாயங்காலம் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் விளக்கு வைத்து, அதில் வந்து உட்காரும் பூச்சிகளை எண்ணுவார்கள். இருட்டியதும் தொலைநோக்கி. அதற்குப் பிறகு கூடாரத்துக்கு நான்கு பேராகப் படுத்துத் தூங்குவார்கள், அதாவது தூங்க வேண்டும். பிள்ளைகளைத் தயார் செய்ய ஐந்து நிமிடம் போதும், இந்த நிமிடமே வண்டியில் ஏறு என்றாலும் ஏறிவிடும் கூட்டம் அது. அவர்களைப் பெற்றவர்களைத் தயார் செய்யத்தான் மூன்று வாரம் பிடிக்கிறது. அந்த மூன்று வாரமும் என் தலையில்தான் விடியும்.

கூடாரத்துக்குப் பூட்டு உண்டா? பாம்பு வருமா? வந்தால் எந்தப் பக்கமாக வரும்? ஓர் அம்மா, தான் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் ஒரு மூலையில் படுத்துக்கொள்வதாகவும், தன்னையும் ஒரு பிள்ளையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார். இன்னொருவர் தன் பையன் தலையணை மாறினால் தூங்க மாட்டான் என்றார். தலையணை கொண்டுவரலாம் என்றேன். அவனுடைய தலையணை கட்டில் அளவுக்கு நீளம் என்றார். இதெல்லாம் எனக்குப் பழக்கம். போன வருடம் ஒரு பிள்ளையின் பைக்குள் இஸ்திரிப் பெட்டி இருந்தது. மின்சாரமே இல்லாத இடத்துக்கு இஸ்திரிப் பெட்டி எதற்கு என்று அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டபோது, 'இருக்கட்டுமேன்னு வச்சேன்' என்றார்கள். பெற்ற மனசின் முழு விஞ்ஞானமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

கடைசியாகப் படிவத்துக்கு வந்தேன். உடல்நலப் படிவம் நான் தயாரித்தது. ஒவ்வாமை, மருந்து, மூச்சிரைப்பு, பயங்கள் என்று பன்னிரண்டு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி: தூக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கம் உண்டா? அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. ஏரிக்கரையில் வேலி கிடையாது, ஆகவே அப்படிப் பழக்கமுள்ள பிள்ளைகள் பகல் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வரலாம், இரவு தங்க முகாம்காரர்களின் அனுமதி இல்லை. அந்த வரியையும் நான்தான் எழுதினேன், அவர்கள் அனுப்பிய கடிதத்தைப் பார்த்து.

"எதையும் மறைக்காதீங்க," என்று நாற்பத்தொரு பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்துச் சொன்னேன். "நாங்க கேலி பண்ண மாட்டோம். வெளிய சொல்லவும் மாட்டோம். ஆனா எங்களுக்குத் தெரியணும்."

குரல் நன்றாகத்தான் வந்தது. ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய். மேசைக்கு அடியில் என் கைப்பை இருந்தது, அதற்குள் நாற்பத்தொன்றில் ஒரு படிவம் முன்பே நிரப்பப்பட்டு மடித்து வைத்திருந்தது. என் மகளுடையது. ஒன்பதாவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் முன்னால் சமையலறையில் நின்றபடியே எழுதியது.

எட்டு மாதத்திலேயே பிறந்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தவள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். இப்போது பதினோரு வயது, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. ஏழு வயதில் ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நின்றிருந்தாள். பசியாக்கும் என்று நினைத்துத் திட்டினேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த முறை நான்காவது மாடியிலிருந்து லிஃப்டில் ஏறித் தரைத்தளத்துக்குப் போய்விட்டாள். காவலாளி கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அன்று இரவு வேறெங்கோ நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போயிருந்தார். நம் வீட்டு லிஃப்டும் ஒருநாள் நின்று தொலைத்திருக்கக் கூடாதா என்று அவரிடம் அழுதேன்.

டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார், வளர வளரப் போய்விடுமாம். கதவைப் பூட்டுங்கள், எழுப்பாமல் மெதுவாகக் கூட்டி வந்து படுக்க வையுங்கள் என்றார். புது இடம், களைப்பு, பரபரப்பு, இந்த மூன்றும் ஆகாது என்றார். முகாம் என்பதே இந்த மூன்றும்தான், கூடவே ஓர் ஏரி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய நீல நாடாவின் ஒரு முனை அவள் கணுக்காலில், மறு முனை என் மணிக்கட்டில். நடுவில் பூனைக்குக் கட்டுகிற சின்ன மணி. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. பல் தேய்ப்பது போல அதை அவளே கட்டிக்கொள்வாள், 'அம்மா கையை நீட்டு' என்பாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பாள். படுக்கும்முன் காலைக் கழுவு என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கழுவ மாட்டாள், கழுவினால் கணக்கு கெட்டுவிடும் என்பாள். வீட்டுத் தூசி வெளுப்பாக இருக்கும், படிக்கட்டு அழுக்கு கறுப்பாக இருக்கும். இதற்கென்று ஒரு நோட்டு. தேதி, பாதத்தின் நிறம். கவனித்து எழுது, ஊகித்து எழுதாதே என்று வகுப்பில் நான் சொல்வதை நாற்பத்தொரு பேரில் கடைப்பிடிப்பது அவள் ஒருத்திதான்.

பெரியம்மா வீட்டில் விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் தங்கும்போது, இரவு ஒன்பது மணிக்கு இவளை மட்டும் போய் அழைத்து வருவேன். அங்கே விளையாட்டு அப்போதுதான் சூடுபிடித்திருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வருவாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. இந்த முகாமுக்காக ஒரு கறுப்பு அட்டையில் ஊசியால் துளை போட்டு, டார்ச்சின் மேல் கவிழ்த்து, அறையின் கூரையில் நட்சத்திரங்களை விழவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமா பாக்கும்போது எவ்ளோ பெருசா இருக்கும்?" என்று கேட்டாள். அத்தோடு நான்கு மாதமாக அவள் எழுந்து நடக்கவும் இல்லை. நோட்டில் நான்கு மாதமாக வெளுப்பு, வெளுப்பு, வெளுப்பு. நான்கு மாதம் நடக்காத பிள்ளைக்குப் பழக்கம் 'உண்டு' என்று எழுதுவதும் பொய்தானே என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "அங்க எல்லாத்தையும் பாக்குறது நீதானே, உனக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைத் தேடப் போய்விட்டார். அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று பெற்றோர், இன்னொன்று சரிபார்த்தவர். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்துவிடட்டும் என்றுதான் அப்படி வைத்தேன். சரிபார்க்கிறவள் நான். சந்தேகம் வந்தால் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவேன், சுற்றி வளைத்துக் கேட்டு உண்மையை வாங்கிவிடுவேன். என் மகளின் படிவத்தில் இரண்டு கையெழுத்தும் என்னுடையது. அதற்கு யாரும் தொலைபேசியில் பேசவில்லை.

இதில் இன்னொரு கூத்து, முகாமுக்கு நான் போவதில்லை. தன் பிள்ளை போகும் பயணத்தில் அந்த ஆசிரியர் போகக் கூடாது என்பது தலைமையாசிரியையின் விதி. நல்ல விதிதான். தன் பிள்ளை இருமினால் மற்ற நாற்பதும் மறந்துபோகும். இந்த வருடம் உடற்பயிற்சி டீச்சரும் கணக்கு சாரும் போகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி டீச்சர் பொறுப்பு. தனியாகக் கூப்பிட்டு அவர் காதில் மட்டும் போட்டுவிடலாம் என்பதுதான் என் திட்டம். படிவத்தில் இருக்காது, ஆனால் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

கூட்டம் முடிந்த மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெல்டர். சட்டைக் கையில் தீப்பொறி பட்ட பொத்தல்கள். அவர் மகள் பட்டாணியின் கூடாரத்தில் இருப்பவள், வாயே திறக்காத பெண். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வராந்தாவின் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். மகள் இன்னும் படுக்கையை நனைக்கிறாள். தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு நாள். படிவத்தில் எழுதியிருக்கிறார், ஆனால் எழுதியதை நான் பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்று வாயாலும் சொல்ல வந்தாராம்.

நான் அழகாகப் பேசினேன். இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு இருப்பதுதான், உடற்பயிற்சி டீச்சர் பன்னிரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் யாருக்கும் தெரியாமல் எழுப்பிக் கூட்டிப்போவார், மாற்றுப் படுக்கை ஒன்று தயாராக இருக்கும் என்று சொன்னேன். அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"சொல்றதுக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு டீச்சர். ஆனா சொல்லாம அனுப்பிட்டா, அந்தக் கூச்சத்த எம்பொண்ணுல்ல தூக்கிட்டுத் திரியணும்," என்றார்.

சரிதான் என்று தலையாட்டினேன். அவர் படியிறங்கிப் போகிற வரைக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றேன் போலிருக்கிறது.

பயணம் வெள்ளிக்கிழமை. செவ்வாய் இரவு மணிச் சத்தம் கேட்டு விழித்தேன். கையை இழுத்தேன், நாடா லேசாக வந்தது. மறுமுனையில் கால் இல்லை. முடிச்சு அறுந்திருக்கவில்லை, அவிழ்க்கப்பட்டிருந்தது. நான்கு வருடமாக விழித்திருக்கும்போது போட்ட முடிச்சை அவள் விரல்கள் தூக்கத்திலேயே அவிழ்க்கக் கற்றுக்கொண்டுவிட்டன. வாசல் கதவு திறந்திருந்தது, நாதாங்கியை எப்படி எட்டினாள் என்று தெரியவில்லை. மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். "பஸ் வந்துடுச்சா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். சரி என்று சொல்வது போலத் திரும்பி என்னோடு ஏறி வந்தாள்.

படுக்க வைத்தபோது பாதங்களைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தன. ஈரத் துண்டை எடுத்து வந்து, கூச்சத்தில் விழித்துவிடாதபடி, விரல் இடுக்கு முதல் குதிகால் வெடிப்பு வரைக்கும் மெதுவாகத் துடைத்தேன். பிறகு நாடாவைத் திரும்பக் கட்டினேன். என்ன காரியம் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தேன். காலையில் அவள் வழக்கம் போலக் காலைத் திருப்பிப் பார்த்தாள், நோட்டை எடுத்து எழுதினாள். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பது போல நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை அவள். பிழைத்தோம் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல்.

புதன்கிழமை வராந்தாவில் உடற்பயிற்சி டீச்சரைத் தனியாகப் பிடித்தேன். வாயைத் திறப்பதற்குள் யாரோ ஒரு பையன் மூக்கில் ரத்தத்தோடு ஓடி வந்தான். வியாழக்கிழமை அவரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா, எந்தப் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். மூச்சிரைப்புப் பையனைச் சொன்னேன். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பெண்ணைச் சொன்னேன். வெல்டர் மகளைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். "அவ்ளோதானா?" என்றார். செவ்வாய் இரவு நடந்ததை இன்று சொன்னால், பின் ஏன் படிவத்தில் இல்லை என்று எழுதினாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் தலைமையாசிரியையின் அறை. எல்லாவற்றையும்விட, அவள் கூரையில் விழுந்த அந்த நட்சத்திரங்கள். அவ்ளோதான் என்றேன். அன்று இரவு நான் ஒரு கண்ணைக்கூட மூடவில்லை, நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விழித்திருந்து காவல் காத்தால் அடுத்த நாள் இரவுக்கும் அது போதும் என்பது போல.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்தில் பேருந்து நின்றது. பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் நான் அவளுக்கு டீச்சர், அவள் எனக்கு நாற்பத்தொன்றில் ஒருத்தி. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. வாசலிலேயே என் கையை விட்டுவிட்டுத் தோழிகளிடம் ஓடினாள். பைகளைச் சோதிப்பது என் வேலை. தொலைபேசி, கத்தி, சாக்லேட் மலைகள் இருந்தால் எடுத்து வைக்க வேண்டும். பட்டாணியின் பையை உடற்பயிற்சி டீச்சரைப் பார்க்கச் சொன்னேன், அதிலெல்லாம் நான் நேர்மையானவள். பெற்றோர் கயிற்றுக்கு அப்பால் நின்று, இப்போதே ஒரு வருடம் பிரிகிற மாதிரி கையாட்டிக்கொண்டிருந்தார்கள். தலையணைப் பையன் உண்மையிலேயே அந்தத் தலையணையோடு வந்திருந்தான், அவன் அப்பாதான் அதைத் தோளில் சுமந்து வந்தார்.

வெல்டர் மகளின் முறை வந்தது. பையைத் திறந்து வைத்தாள். எல்லாம் பட்டியலில் உள்ளபடி. பக்கவாட்டு அறைக்குள் கைவிட்டேன். விரலில் சில்லென்று ஏதோ பட்டு, சிணுங்கியது. வெளியே எடுக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வருடமாக அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். நீல நாடா ஒழுங்காகச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தது.

இது எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்டேன். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி என் கையில கட்டிக்கணும் டீச்சர். மணி அடிச்சா நான் முழிச்சு அவளப் பிடிச்சுக்கணும். நான் தூங்கவே மாட்டேன்னு சொல்லிருக்கேன். தூங்கலன்னா எனக்கும் அந்தப் பிரச்சினை வராதுல்ல."

எந்தப் பிரச்சினை என்று அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே, வராந்தாக் கோடியில் சுவரைப் பார்த்தபடி அவள் அப்பா சொன்னாரே. பதினோரு வயதுப் பெண் ஒருத்தி வேலியில்லாத ஏரிக்கரையில் இரவு முழுக்கக் கண் விழித்து என் மகளைக் காக்கப் போகிறாள், தூக்கத்திலேயே அவிழ்ந்துவிடுகிற ஒரு முடிச்சை நம்பி. நான் தூக்க வேண்டியதை அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டிருக்கிறேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெல்டர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். பேருந்தின் படிக்கட்டருகே தலைமையாசிரியையும் உடற்பயிற்சி டீச்சரும் படிவக் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகளின் படிவத்தை உருவினேன். ஒன்பதாவது கேள்விக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினேன். பக்கத்தில், செவ்வாய் இரவும் நடந்தாள் என்று எழுதினேன். பிறகு வாயாலும் சொன்னேன், முழுவதையும். துண்டால் துடைத்ததை மட்டும் விட்டுவிட்டேன், அது வாயில் வரவில்லை.

தலைமையாசிரியை படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடற்பயிற்சி டீச்சர்தான் பேசினார். "நேத்து கேட்டேனே. சொல்லியிருந்தா நேத்தே முகாமுக்குப் பேசி, கட்டடத்துக்குள்ள எங்கூடவே படுக்க வச்சிருப்பேனே. கதவப் பூட்டிட்டு." அவ்வளவு சுலபமான ஒரு வழி இருந்திருக்கிறது. மூன்று வாரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. மறைக்கிறவளுக்கு வழி கண்ணில் படாது போல.

அதற்கு முகாம்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார் தலைமையாசிரியை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். பட்டாணியை இறக்கி நிற்க வையுங்கள், பதில் வந்ததும் பார்க்கலாம் என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஏறியாயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளை நான்தான் போய்க் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்காமல் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள், பெரியம்மா வீட்டில் இரவு ஒன்பது மணிக்குச் செருப்பு மாட்டுவாளே, அதே மாதிரி.

வெல்டர் கயிற்றைத் தாண்டி வந்திருந்தார். ஏன் இன்னும் வண்டி கிளம்பவில்லை என்று கேட்கத்தான் வந்தார். அவரிடமும் சொன்னேன், சொல்ல வேண்டியிருந்தது, அவர் மகளின் பையில் எடுத்தேன் என்பதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் என் கையிலிருந்த நாடாவையே பார்த்தார்.

"எங்ககிட்ட எல்லாத்தையும் கேட்டீங்களே டீச்சர்," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கேட்டேன்தான். நாற்பது வீட்டையும் கேட்டேன். அவரை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மகள் பேருந்திலிருந்து இறங்கி, யாரும் கூப்பிடாமலேயே பட்டாணியின் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் அவளை ஏறச் சொல்லவில்லை.

பட்டாணியின் முன்னால் குத்திட்டு உட்கார்ந்தேன். உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல நாக்கு துருதுருத்தது, நல்லவேளை வரவில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை ஏன் செய்தாய், நான்கு மாதமாக நடக்கவே இல்லையே என்றேன். அப்போதும் பொய்தான், பாருங்கள், வாய் தன்னால் போய் அதிலேயே விழுகிறது.

"செவ்வாக்கிழமை நடந்தேன்லம்மா," என்றாள். பள்ளிக்குள் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. கால் ரொம்ப சுத்தமா இருந்துச்சு. என் கால் எப்பவுமே அவ்ளோ சுத்தமா இருக்காது." பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டாள். "நோட்டுல சுத்தம்னு எழுதி, பக்கத்துல கேள்விக்குறி போட்டேன். நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினார். பேருந்துக்குள் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கயிற்றுக்கு அப்பால் கைகள் ஆடின. வேப்பமரத்தடியில் தலைமையாசிரியை முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார். அங்கே போகிறார், இங்கே வருகிறார், தலையை ஆட்டுகிறார், எதற்கு என்று தெரியவில்லை. பட்டாணி தன் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வெல்டர் மகளும் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காலை நீட்டி மரத்தடியையே பார்த்தார்கள். என் கையில் நாடா இருந்தது. மணி சத்தம் போட்டுவிடாதபடி அதை இறுக்கிப் பிடித்திருந்ததில் அதன் விளிம்பு உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்துவிட்டது. தலைமையாசிரியை தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார், எங்கள் பக்கம் திரும்பினார், மைதானத்தின் குறுக்கே நடந்து வரத் தொடங்கினார். பட்டாணி எழுந்து நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடம் கையை நீட்டினாள். அவளுக்கு வேண்டியது என் கையா நாடாவா என்று எனக்குத் தெரியவில்லை. விரல்களைப் பிரித்தேன், மணி சிணுங்கியது.